நனைந்த மெஷினை ஓட்டிப் பார்க்கலாமா?

கேள்வி: கடலூர் பக்கத்தில் என் தம்பியும் நானும் சின்னதாக ஒரு ஆப்செட் பிரஸ் நடத்துகிறோம். ஒரு சிங்கிள் கலர் மெஷின், ஒரு மினி ஆப்செட், ஒரு கட்டிங் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பிரஸ்ஸுக்குள் இடுப்பளவு நின்றது. தண்ணீர் வடிந்தபின் ஒரு ராத்திரி திடீரென்று கரண்ட் வந்தது. மேசைமேல் இருந்த, தண்ணீரே படாத கம்ப்யூட்டரும் யுபிஎஸ்ஸும் அப்போது புகைந்து போய்விட்டன. பேப்பர் முழுக்க நாசம். அதில் ஒரு வாடிக்கையாளர் கொடுத்து வைத்திருந்த ஆர்ட் பேப்பரும் உண்டு. காலண்டர் ஆர்டர்கள் நிற்கின்றன. மெக்கானிக், “காயவைத்து ஓட்டிப் பார்த்துவிடலாம்” என்கிறார். ஏஜென்ட், “நஷ்டத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை எதையும் தொடாதீர்கள்” என்கிறார். அணையைத் திறந்ததால் வந்த வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். பாலிசி பேங்க் மூலம் எடுத்தது, நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. பேங்க்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 14 லட்சம் காட்டியிருக்கிறோம். உண்மையில் 9 லட்சம்தான் இருக்கும். அந்த 14 லட்சத்தையே கிளெய்மில் காட்டலாம் என்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்வது?

பதில் (பொதுக் காப்பீட்டு சர்வேயர்):

ஓட்டிப் பார்க்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மேலே துடைத்துக் காயவைத்தால் மெஷின் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மோட்டாருக்குள் வைண்டிங்கில், அதாவது கம்பிச் சுருளில், ஏறிய ஈரம் இரண்டு நாள் வெயிலில் போய்விடாது. வந்ததும் நல்ல தண்ணீர் இல்லை. வண்டலும் சாக்கடையும் கலந்தது. அந்த ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் வைண்டிங் ஷார்ட் ஆகும், கன்ட்ரோல் பேனலில் இருக்கும் போர்டு கருகும். கழுவிக் காயவைத்து, வார்னிஷ் போட்டு முடித்திருக்க வேண்டிய வேலை ரீவைண்டிங், புது போர்டு என்று எங்கேயோ போய் நிற்கும்.

இன்சூரன்ஸ் பக்கம் இதைவிட மோசம். இந்த வகைப் பாலிசிகளில் ஒரு விலக்கு உண்டு. ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தம் போன்றவற்றால் ஒரு மின்சாதனம் தானாகவே எரிந்துபோனால், எரிந்த அந்தச் சாதனத்துக்குப் பணம் கிடையாது. வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் வெள்ள நஷ்டம், அதில் பேச்சே இல்லை. அதே மோட்டாருக்கு நீங்கள் ஈரத்தோடு ஸ்விட்ச் போட்டு எரித்துவிட்டால், இது மின்சாரத்தால் வந்த நஷ்டம், அதுவும் கவனக்குறைவால் வந்தது என்று கம்பெனி சொல்ல வழி கிடைத்துவிடும். பிரித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தண்ணீரில் கெட்ட வைண்டிங்கில் சேறும் துருவும் இருக்கும். எரிந்த வைண்டிங் கறுத்துப்போய், கருகிய வார்னிஷ் வாடை அடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் நான் பார்த்த தகராறுகளில் பாதி இந்த ஒரு ஸ்விட்ச்சால் வந்தவை.

அதனால் முதலில் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையையும் கழற்றி வையுங்கள். மோட்டார்களை வைண்டிங் கடைக்கு அனுப்புங்கள். அவர்கள் பிரிப்பதற்கு முன்பே மெக்கர் என்ற அளவுக் கருவியை வைத்து இன்சுலேஷன் அளவு பார்த்து, கடை லெட்டர்ஹெட்டில் தேதியோடு எழுதித் தர வேண்டும். காயவைத்த பிறகு இன்னொரு முறை அளந்து, அதையும் எழுதி வாங்குங்கள். குறைந்தது ஒரு மெகா ஓமாவது காட்டாத மோட்டாரை இணைக்கவே கூடாது. அந்த இரண்டு சீட்டும் சர்வேயர் கையில் இருந்தால் மோட்டார் பற்றிய வாக்குவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். தண்ணீரில் முழுகிய எம்சிபி, ஸ்டார்ட்டர், பிளக் பாயிண்ட் எதையும் காயவைத்து மறுபடி மாட்டாதீர்கள். புதிதாகவே போடுங்கள். பழையதை எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.

அச்சு உருளைகளான பிளேட் சிலிண்டர், பிளாங்கெட் சிலிண்டர் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அவற்றில் துருப் புள்ளி விழுந்தால் அது அச்சிலேயே தெரியும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவிடுங்கள். ரோலர்களைக் கழற்றித் தனியே வையுங்கள். கியர் பாக்ஸில் இருக்கும் ஆயிலைத் திறந்து பாருங்கள், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வடித்துவிட வேண்டும். வடிப்பதையும் செல்போனில் படம் எடுங்கள்.

இதையெல்லாம் செய்ய சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஏஜென்ட் பாதிதான் சரியாகச் சொல்லியிருக்கிறார். பொருளை சர்வேயர் கண்ணில் காட்டாமல் தொலைத்துவிடக் கூடாது என்பது உண்மை. ஆனால் நஷ்டம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பாலிசிப்படி உங்களுடையதுதான். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் என்ன செய்வீர்களோ அதைச் செய்ய வேண்டும். சர்வேயர் வருவதற்குள் சிலிண்டர் துருப்பிடித்துவிட்டால், ஏன் எண்ணெய் பூசவில்லை என்றுதான் அவரும் கேட்பார். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு ஒவ்வொருவர் தலையிலும் ஏகப்பட்ட கேஸ்கள் விழும், வருவதற்குத் தாமதமாகலாம். இன்றே கம்பெனிக்குப் போன் செய்து கிளெய்ம் எண் வாங்குங்கள். “பொருள் மேலும் கெடாமல் இருக்கச் சுத்தம் செய்யத் தொடங்குகிறோம், படங்கள் எடுத்து வைத்திருக்கிறோம்” என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். கழுவிய கூலி, எண்ணெய், பம்பு வாடகை எல்லாவற்றுக்கும் பில்லோ வவுச்சரோ வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை வாசலில் இருந்து தொடங்குங்கள். போர்டு, கதவு எண், பிறகு உள்ளே நாலு சுவரும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரியும். அதன் பக்கத்தில் டேப்பை நிறுத்தி உயரம் தெரிகிற மாதிரி எடுங்கள். வெள்ளையடித்துவிடாதீர்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். கோட்டுக்குக் கீழே இருந்தது எது, மேலே இருந்தது எது என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாக் கணக்கும். மெஷின்களின் நம்பர் பிளேட்டையும் கிட்டத்தில் எடுங்கள்.

பேப்பர்தான் உங்களுக்குப் பெரிய தலைவலி. பூச்சில்லாத மேப்லித்தோ பேப்பர் ஊறி உப்பியிருக்கும். ஆர்ட் பேப்பர் அதைவிட மோசம், மேலே இருக்கிற பூச்சு கரைந்து தாளோடு தாள் ஒட்டி, காய்ந்ததும் ஒரே பாளமாகிவிடும். பிரித்தெடுக்க முடியாது. ரகம் வாரியாக, ஜிஎஸ்எம் (தாளின் கனம்) வாரியாக, ரீம் எண்ணிக்கையோடு ஒரு பட்டியல் போடுங்கள். ரேப்பர் லேபிள் தெரிகிற மாதிரி ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுங்கள். கோட்டுக்கு மேலே இருந்து தப்பித்த ரீம்களை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அந்த ஈரக்காற்றில் அதுவும் வளைந்துபோகும். நனைந்ததை வெளியே எடுத்துத் தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கலாம். ஆனால் சர்வேயர் பார்க்காமலோ, எழுத்தில் சம்மதம் தராமலோ பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை மட்டும் எழுதி வாங்கி வையுங்கள். அந்தக் கழிவு விலையை நஷ்டத்தில் கழித்துத்தான் மீதி தருவார்கள். ஈரப் பேப்பர் கனமாக இருக்கும், அதனால் கிலோ விலை குறைவாகத்தான் கேட்பார்கள். காய்ந்த பேப்பர் விலையை ஈர எடைக்குப் போட்டு யாராவது கழித்தால் விட்டுவிடாதீர்கள். பேப்பருக்குக் கிடைப்பது வாங்கிய விலைதான், விற்கிற விலை இல்லை. பாதி அச்சடித்து நின்ற வேலைக்குப் பேப்பர் விலையோடு அதுவரை ஆன பிளேட், இங்க், கூலிச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம்.

பில் எல்லாம் நனைந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் 2பி அறிக்கையை மாதவாரியாக இறக்கினால், எந்தக் கடையில் எந்தத் தேதியில் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று வரிசையாக வந்துவிடும். அதைக் காட்டிப் பேப்பர் கடையில் டூப்ளிகேட் பில் கேட்கலாம். டேலி நகல் ஆடிட்டரிடம் இருக்கும். ஆடிட்டரிடம் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். அழிந்துபோன சரக்கை வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம், பிரிவு 17(5). திருப்பிவிட்டு அதற்கான ஆதாரத்தைக் கொடுத்தால் அந்த வரித் தொகையையும் நஷ்டத்தில் சேர்த்துக் கேட்கலாம். சின்னத் தொழில்களில் பலர் வரியைத் திருப்புகிறார்கள், ஆனால் கிளெய்மில் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இப்போது பாலிசி. நீங்கள் அதைப் பார்த்ததே இல்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரி. பிரீமியம் உங்கள் கணக்கில்தான் பிடித்திருப்பார்கள், நாளைக் காலை கிளைக்குப் போய் நகல் கேளுங்கள். வந்ததும் முதலில் முகவரியைப் பாருங்கள். பிரஸ் இடம் மாறி, பாலிசியில் பழைய முகவரியே நின்றுபோன கேஸ்கள் உண்டு. அடுத்து, சரக்கு மட்டும்தானா, மெஷினும் உண்டா என்று பாருங்கள். பேங்க் தன் கடனுக்கு ஈடாக எதை வைத்திருக்கிறதோ அதை மட்டும் இன்சூர் செய்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். மெஷின் கடன் எப்போதோ முடிந்து, சரக்கின்மேல் வாங்கும் கேஷ் கிரெடிட் கடன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் அதிகம்.

2021 ஏப்ரல் 1 முதல், ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை உள்ள தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி வந்திருக்கிறது. உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். அணை பற்றிய பயம் தேவையில்லை. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னறிவிப்பு போதுமா போதாதா என்ற சண்டை அரசியல்வாதிகளுடையது. பாலிசியைப் பொறுத்தவரை ஆறு பெருகி ஊருக்குள் வந்தால் அது வெள்ளம், மேலே மழை பெய்ததா மதகு திறந்ததா என்று பிரிப்பதில்லை.

இன்சூர் செய்த தொகையைப் பாருங்கள். மெஷின்களின் மதிப்பு 20 லட்சம் இருக்க, 12 லட்சத்துக்குத்தான் இன்சூர் செய்திருந்தால், 5 லட்சம் நஷ்டத்துக்கு 3 லட்சம்தான் கணக்காகும். இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போனால் விகிதப்படி வெட்டு விழும்.

கரண்ட் வந்தபோது எரிந்த கம்ப்யூட்டருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் பணம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலே சொன்ன மின்சார விலக்கு நேராக வந்து விழுவது இங்கேதான். வெள்ளத்தில் நனைந்த வயரிங்தான் மூலகாரணம் என்று எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்தால் வாதாட ஓரளவு இடம் உண்டு, அதனால் தனியாகப் பட்டியலில் போடுங்கள். ஆனால் தண்ணீர் பட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். சுவரில் கோடு இருக்கிறது, மேசை உயரமும் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டருக்காக மொத்தக் கிளெய்மையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவது வீண். கரண்ட் போய் வந்ததால் கெடுகிற பொருளுக்குத் தனிப் பாலிசிகள் உண்டு, அடுத்த முறை யோசிக்கலாம்.

இதே இடத்தில் தம்பியிடமும் ஒரு வார்த்தை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால், ஈபி லைனைத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் நேராக மெயினில் கொடுக்காதீர்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஈபி ஊழியர் உயிருக்கே ஆபத்து. ஷட்டருக்குள் வைத்தும் ஓட்டக் கூடாது, புகையில் மூச்சு முட்டிச் செத்தவர்கள் உண்டு.

வாடிக்கையாளரின் ஆர்ட் பேப்பர் கொஞ்சம் சங்கடமான விஷயம். உங்கள் சரக்கு என்று எடுத்த பாலிசி, அடுத்தவர் பொருளைத் தானாகப் பாதுகாக்காது. ஜாப் ஒர்க்குக்காக நம்பி ஒப்படைத்த பொருளும் உண்டு என்று பாலிசியில் தனியாக எழுதியிருக்க வேண்டும். இருந்தால் அவருடைய டெலிவரி சலானை வைத்துக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் தன் பாலிசியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு நீங்கள் கொடுத்தாக வேண்டுமா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 151, 152ஆம் பிரிவுகளின்படி, தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்திருந்தால், தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாதவரை, நஷ்டத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் பேப்பரும் அதே அறையில் நாசமாகியிருப்பதே அதற்குச் சாட்சி. ஆனால் இதைச் சட்டப் பிரிவாக அவரிடம் ஒப்பிக்காதீர்கள். இடத்தைக் கூட்டிவந்து காட்டுங்கள். அடுத்த வேலையில் கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் உறவும் மிஞ்சும்.

காலண்டர் ஆர்டர்களால் போன வருமானத்துக்கு இந்தப் பாலிசியில் எதுவும் கிடையாது. அதற்குத் தொழில் முடக்க இழப்பு என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். உங்கள் அளவில் யாரும் எடுப்பதில்லை. லாபம் போனாலும் பரவாயில்லை என்று வேறு ஊர் பிரஸ்ஸில் அடித்துக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் சிவகாசியில் இடம் கிடைப்பது கஷ்டம்தான், அதனால் திருச்சி, புதுச்சேரிப் பக்கமும் கேட்டுப் பாருங்கள். ஒரு சீசன் கைமாறிய காலண்டர் ஆர்டர் அடுத்த வருடம் உங்களிடம் திரும்பி வராது.

கடைசியாக அந்த 14 லட்சம். உறவினர் பேச்சைக் கேட்காதீர்கள். கேட்டால் வம்பு உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. நாங்கள் ஸ்டாக் ஸ்டேட்மென்டை மட்டும் பார்த்துவிட்டு எழுதுவதில்லை. மார்ச் மாத இருப்பில் தொடங்கி, வாங்கியதைக் கூட்டி, அடித்துக் கொடுத்த வேலைகளுக்கு ஆன பேப்பரைக் கழித்துக்கொண்டே வருவோம். இதற்கு ஜிஎஸ்டி கணக்கே போதும். அதைவிட எளிய வழியும் உண்டு. கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் 5 லட்ச ரூபாய் பேப்பர் ஐந்தரை டன். 20க்கு 30, 70 ஜிஎஸ்எம் ரீம் ஒன்று பதின்மூன்றரைக் கிலோ. அப்படியானால் இல்லாத 400 ரீமை நீங்கள் எங்கே அடுக்கி வைத்திருந்ததாகக் காட்டுவீர்கள்? வெள்ளம் பேப்பரைக் கெடுக்கும், மூடிய ஷட்டருக்குள்ளிருந்து டன் கணக்கில் அள்ளிக்கொண்டு போகாது. பொய்க் கணக்கு என்று நிரூபணமானால் பொய்யான 5 லட்சத்தை மட்டும் வெட்ட மாட்டார்கள். மோசடி என்று மொத்தக் கிளெய்மையும் தள்ள பாலிசியில் இடம் இருக்கிறது. நியாயமான 9 லட்சமும் போய்விடும்.

ஆனால் 9 லட்சம் என்று கேட்டால், ஸ்டேட்மென்டில் 14 எப்படி வந்தது என்று சர்வேயர் கேட்பார். கேட்கட்டும். ஆடிட்டரை வைத்து உண்மையான இருப்புக் கணக்கைப் போட்டு, பேங்க்குக்குக் கொடுத்தது உத்தேச மதிப்பு, இதுதான் புத்தகப்படி என்று எழுத்தில் கொடுங்கள். பேங்க் மேனேஜரிடமும் இதை நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. கொஞ்சம் கடுகடுப்பார். சரக்கு அழிந்ததால் எப்படியும் உங்கள் கடன் வரம்பு குறையத்தான் போகிறது. அந்தப் பேச்சோடு பேச்சாக, தவணைக்கு அவகாசமும் கடன் மறுசீரமைப்பும் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். இயற்கைப் பேரிடர் பகுதிகளில் இப்படிச் சலுகை தர ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிளெய்ம் பணமும் பேங்க் பெயருக்குத்தான் முதலில் வரும் என்பதால் மேனேஜரைப் பகைத்துக்கொள்வதிலும் லாபமில்லை.

சர்வேயருக்குப் பீஸ் கொடுப்பது கம்பெனி, அதனால் அவர் கம்பெனி ஆள் என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் உரிமம் கொடுப்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அவர் எழுதுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். அறிக்கையின் நகலை நீங்கள் கேட்டு வாங்கலாம். கேட்கிறவர்கள் மிகக் குறைவு. பணம் வர நாளாகும் என்று தெரிந்தால், தகராறு இல்லாத பகுதிக்கு முன்பணம் தரச் சொல்லி எழுதுங்கள். முடிவில் வருகிற தொகை குறைவு என்று நினைத்தால், பணம் பெற்றதற்கான டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போடும்போதே “ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று கைப்பட எழுதி, அதைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். குறு நிறுவனங்களும் அங்கே புகார் கொடுக்கலாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் வெள்ளத்தில் போயிருந்தால் இணையத்தில் மறுபடி இறக்கி வையுங்கள், அங்கே கேட்பார்கள்.